பூசையில் வைத்த எர்த்துக் கம்பி

கூடலூர் ஓ.டி.,
சர்வஜித்து ஐப்பசி 11

சௌபாக்கியவதி தங்கை சிவகாமுவுக்கு, அண்ணன் பஞ்சநாதம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம். சிதம்பரத்தில் நீயும் உன் மாமியாரும் சுகமாயிருக்க நடராசர் அருள வேண்டும். உன் புருஷனும் உயிரோடு சுகமாக இருக்கிறார். உயிரோடு என்ற சொல்லைப் பார்த்துப் பதறாதே, முழுக்கப் படி.

எங்கள் எண்ணெய் மில்லில் கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி, உப்பும் கரியும் கொட்டிய குழிக்குள் இறங்குகிறது. பெட்டியில் கரண்ட் கசிந்தால் இந்த எர்த்துக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். கம்பி இல்லையென்றால் தொடுகிறவன் வழியாகப் போகும். ஆயுத பூசையன்று, கம்பி களிம்பேறிக் கிடக்கிறதென்று அதைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, சுத்தியல் ஸ்பானரோடு பூசையில் வைத்தாயிற்று. மறுநாள் மறுபூசை போட்டு எடுக்கும் வரை அதைத் தொடக்கூடாது. முதலாளியோ துறைமுகத்தில் சரக்குக்குப் படகு நிற்கிறதென்று, மறுபூசைக்கு முன்பே மில்லை ஓட்டச் சொல்லிவிட்டார். கம்பி இருக்கிறதா என்று உன் புருஷன் பார்த்திருக்க வேண்டாமா? மீட்டரும் சுவிட்சும் உள்ள போர்டுக்குத் தலைவர் அவர்தானே. இன்டர்மீடியட் தேறிய நான் இருக்க, ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பதவி அவருக்குப் போயிற்று. போகட்டும். அவர் தம்பி கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததையும் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. பாயசம் தீர்ந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அன்றுமுதல் எங்களுக்குள் பேச்சு, ஆயில்மேன் கண்ணாயிரம் மூலமாகத்தான்.

மீட்டர் முள் அசையவில்லையாம். உன் புருஷன் வழக்கம்போல் பெட்டியை விரலால் தட்டினார். கரண்ட் அவரைத் தூக்கிப் புண்ணாக்கு மூட்டைகள் மேல் எறிந்துவிட்டது. "சபாநாயகம் ஐயா போயிட்டாருங்க" என்று கண்ணாயிரம் கத்த, நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஓடி, அவர் நெஞ்சைத் தேய்த்துவிட்டேன். கண்ணைத் திறந்தவர், "மச்சான், முள்ளு அசைஞ்சிச்சா?" என்றார்.

"அசைஞ்சிச்சு மாப்ளே, பேசாம படுங்க" என்று நானும் சொல்லும்படி ஆயிற்று. வலது கையில் இரண்டு விரல் கன்றியிருக்கிறது. நாலு நாளாக நான்தான் சோறு பிசைந்து உருட்டிக் கொடுக்கிறேன். உப்பு ஜாஸ்தி என்று குறை வேறு சொல்கிறார்.

கம்பியைக் கழற்றியவன் யாரென்று எழுதித் தரும்படி முதலாளி கேட்டிருக்கிறார். அவனுக்கு இனி வேலை கிடையாது. போர்டு யார் பொறுப்போ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதப் போகிறேன். நியாயம் நியாயம்தான். நீ திட்டுவாய், திட்டு.

உன் மாமியாருக்கு என் நமஸ்காரம். நீ நெடுங்காலம் மஞ்சள் குங்குமத்தோடு இருக்க வேண்டும். அதற்காக அன்றைக்கே கம்பியை நானே மாட்டி, குழியில் நாலு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
பஞ்சநாதம்

பி.கு.: கம்பியைக் கழற்றியது நான். கண்ணாயிரத்திடம் சொல்லியனுப்ப மறந்தவனும் நான். மேலே உள்ளதை எழுதி முடிக்கும்போது உன் புருஷன் வந்தார். "நாந்தான் கழட்டினேன்னு எடது கையால எழுதிக் குடுத்துட்டேன் மச்சான். தையில பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கிட்டு நீங்க வேலைய விட்டுட்டு என்னா பண்ணுவீங்க?" என்றார். நெஞ்சைத் தேய்த்தபோதே என் நகக்கண்ணில் செம்புக் களிம்பைப் பார்த்துவிட்டாராம். நானும் இப்போதே போய் உண்மையை எழுதிக் கொடுக்கப் போகிறேன். கழற்றியவர்கள் இரண்டு பேர் என்றால் முதலாளி இரண்டு பேரையும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டும். அப்புறம் அந்த மீட்டரைத் தட்டிப் பார்க்க முதலாளியேதான் வரவேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட உன் புருஷனிடமே கொடுக்கிறேன். உறையை ஒட்டவில்லை.