இல்லாத பெரியப்பாவின் சாவு

எங்கள் வீட்டில் யாராவது பொய் சொன்னால் "பொய் சொல்லாதே" என்று யாரும் அதட்டுவதில்லை. "பெரியப்பா எப்போ செத்தாரு?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். எனக்குப் பெரியப்பாவே கிடையாது. என் நைனாவுடன் பிறந்ததெல்லாம் மூன்று தங்கைகள். பிறக்காத அந்த மனிதரை ஒரு மத்தியான வேளையில் திருப்பதியில் வைத்துச் சாகடித்தவர் என் நைனா. சாகடிக்க வைத்த புண்ணியவான் நான்.

அப்போது எனக்கு எம்.பி.ஏ. பைத்தியம் பிடித்திருந்தது. திருப்பதியில் ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டேன். மார்க் மட்டும் போதாதாம், "உங்களை உருவாக்கிய போராட்டம்" என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் வேண்டுமாம். உட்கார்ந்து யோசித்தேன். ஒரு போராட்டமும் அகப்படவில்லை. புத்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. நைனா வெயிலில் நின்றார், நான் ஃபேனுக்கு அடியில் படித்தேன். பத்தாவது பரீட்சைக்கு என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டு, மணி அடிக்கிறவரை கேட் அருகே நின்றவர் அவர். (நான் பட்ட பெரிய கஷ்டம், அம்மா ஒரு நாள் குழம்பில் உப்பு போட மறந்தது.) இப்படிக் கஷ்டமே தெரியாமல் வளர்த்துவிட்டாரே என்று அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போராட்டம் இல்லாவிட்டால் என்ன, நாமே ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதானே! எழுதினேன்: "என் தந்தை மூடநம்பிக்கையில் மூழ்கிய விவசாயி. எடுத்ததற்கெல்லாம் திருமலையில் மொட்டை. பதினேழு வயதில் நான் எதிர்த்து நின்றேன். மூன்று நாள் எனக்குச் சோறு இல்லை. நான் பணியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தலையிலும் கத்தி பட்டதில்லை."

(உண்மை என்னவென்றால், அதுவரை எனக்கு ஏழு மொட்டை ஆகியிருந்தது. ஏழாவதை வேண்டிக்கொண்டதே நான்தான், இன்டரில், அதாவது பிளஸ் டூவில், ஃபிசிக்ஸ் பாஸாவதற்காக.) சோறு பற்றிய வரியை எழுதும்போது அம்மா தட்டோடு வந்து "துன்னுட்டு எழுதுடா" என்றாள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் பட்டினி கிடந்தேன்.

கட்டுரை வேலை செய்தது. இன்டர்வியூவுக்கு லெட்டர் வந்தது. நைனா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணி.

"லெட்டர் வந்தா நம்ம ரெண்டு பேருக்கும் மொட்டைன்னு வேண்டிக்கினேன்டா."

"சீட்டு கெடச்சப்புறம் போட்டுக்கலாம் நைனா."

"சீட்டுக்கு வேற வேண்டுதல் கீதுடா. எப்படியும் திருப்பதிக்குத்தான போறோம்? காலைல மலை, மத்தியானம் இன்டர்வியூ. சாமியே பாத்து தேதி குடுத்துக்கிறாரு."

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கட்டுரையைச் சொல்ல வேண்டும். அவரை ஊருக்கு முன்னால் மூடராக எழுதி வைத்துவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? தலையைக் கொடுத்தேன். மழித்த தலையில் நைனா தன் கையாலேயே சந்தனம் பூசிவிட்டார். "வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்கும்டா."

அந்தக் கோலத்தில் டை கட்டிக்கொண்டு இன்டர்வியூ அறைக்குள் போனேன். நைனா லட்டுப் பையோடு வெளியே உட்கார்ந்தார். உள்ளே இரண்டு பேர்: ஒரு மேடம், வெள்ளை முடியோடு ஒரு புரொபசர். மேடம் என் கட்டுரையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி கட்டுரையைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் இளகியது.

"ஐயோ, அப்பாவா?" என்றார்.

மொட்டைக்கு நம்மிடம் இரண்டு காரணம்தான் உண்டு. ஒன்றை நானே கட்டுரையில் அடைத்துவிட்டேன். மீதி இருந்த கதவை அவரே திறந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். பாவி நான், "ஆமாம்" என்றுகூடச் சொல்லவில்லை.

"எப்போது?"

"போன வாரம் மேடம்."

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எதிர்த்து நின்ற பிள்ளை, கடைசியில் அப்பாவுக்காக முடி கொடுத்திருக்கிறான்" என்று புரொபசரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டு கிடைத்த மாதிரிதான்.

கதவு திறந்தது. மொட்டைத் தலை, சந்தனம், கையில் லட்டு. கதவுக் கண்ணாடி வழியாக நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். "பையன் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல சார். ஒரு துண்டு வாயில போட்டுக்கட்டும்" என்றார் தெலுங்கில்.

"மீரெவரண்டி?" என்று புரொபசர் கேட்டார்.

"இவன் நைனா சார்."

"அப்பா போன வாரம் போய்ட்டாருன்னு பையன் சொன்னானே."

நைனா என்னைப் பார்த்தார். அழுகல் எந்தக் கூடையில் இருக்கிறது என்று வியாபாரியிடம் தானே காட்டிக்கொடுக்கிற மனுஷன் அவர். லட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அது எங்க அண்ணன் சார். இவனை வளத்தது அவருதான். அவரத்தான் இவன் நைனான்னு கூப்புடுவான். அதான் ரெண்டு பேருக்கும் மொட்டை."

புரொபசர் லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சாவு ஆன வீட்டுக்காரங்க ஒரு வருஷம் மலை ஏற மாட்டாங்களேய்யா."

நைனா லட்டை நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் நின்றார். அந்த நிமிஷத்தை மட்டும் யாராவது என் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். புரொபசர் எழுந்து வந்து இரண்டு கையாலும் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

பஸ் ரேணிகுண்டா தாண்டியது. நைனா கேட்டார்.

"நான் செத்துட்டேன்னா சொன்ன?"

"ஆமா நைனா."

"இன்னா நோவுல?"

"அவங்க கேக்கல நைனா."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அவரே எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். பெரியப்பா அன்றைக்குப் பிறந்தவர்தான், இன்னும் சாகவில்லை. நான் எம்.பி.ஏ. இல்லாமலே சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என்று நைனா இன்றுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆனால் அது நடந்த பத்தாவது நாள், யாரிடமும் சொல்லாமல் தனியாக மலைக்குப் போய்விட்டு வந்தார். மறுபடியும் மொட்டை.

"இப்போ இன்னா வேண்டுதல் நைனா?" என்றேன்.

"வேண்டுதல் இல்லடா. எங்க அண்ணனுக்கு" என்றார். வீடே சிரித்தது. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எனக்காகச் சொன்ன பொய்க்குத்தான் அந்த மொட்டை என்று எனக்குத் தெரியும். மழிக்க உட்கார்ந்தபோது, "எடுக்க இன்னாய்யா கீது இங்க?" என்று கத்தி பிடித்தவர் கேட்டாராம். "கீறத எடுப்பா" என்றாராம் நைனா.