மூன்று மூக்குகளும் ஒரு வெள்ளைக் காரும்

காரில் இருந்தவர்கள் மூவர். ஓட்டும் சீட்டில், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் அமிர்தசாமி. இடப்பக்கம் மனைவி சகாயம்மாள், மடியில் நோட்டுடன். பின்சீட்டின் நடுவில் மெக்கானிக் அன்பழகன். அவருடைய மூக்கு மட்டும் முன்சீட்டில்.

"ஆறு பத்து. எனக்குப் புகை வாடை வந்தாச்சு, எழுதிக்கோ" என்றார் அமிர்தசாமி.

"எனக்கு ஆறு ஒன்பதுக்கே வந்துடுச்சு" என்று சகாயம்மாள் தன் பெயரை மேலே எழுதினாள்.

ஞாயிறன்று எடப்பாடியில் பேத்திக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் மகள் அக்சிலியாவையும் குழந்தையையும் தங்கள் அஸ்தம்பட்டி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குள் புகை நிற்காவிட்டால் இருபத்திரண்டு வருடக் காரை விற்றுவிட வேண்டும். இது சகாயம்மாளின் உத்தரவு.

"புகைன்னா விளையாட்டில்லீங்க. சொகமாத் தூக்கம் வரும், அப்புறம் எந்திரிக்க முடியாது" என்றார் அன்பழகன்.

அமிர்தசாமி கண்ணாடிகளை இறக்கினார். வாடை இரட்டிப்பானது.

"பின்கண்ணாடியத் தொறந்தா வெளிப் புகைய உள்ள இழுக்குமுங்க."

மறுநாள் டிக்கி ரப்பரை மாற்றி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார்கள். சோதனை என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்பது அமிர்தசாமியின் கொள்கை. அதே காலை ஆறு மணி, அதே எடப்பாடி சாலை, யாரையும் முந்தாத அதே நாற்பது கிலோமீட்டர் வேகம். கஞ்சமலை அடிவாரமில்லாமல் பனியில் மிதந்தது. தென்னைகள் தண்ணீருக்கடியில் நிற்பவைபோல் மெல்ல அசைந்தன. வாடை இப்போது முன்பக்கக் காற்றுத்துளை வழியாக வந்தது. அதை விரட்ட ஃபேனைப் போட்டார், மொத்தமாக வந்தது.

மூன்றாம் நாள் புது சைலன்சர். தரையின் ஓட்டைகளெல்லாம் அடைபட்டன. அன்று வந்த புகைக்கு வெளியே போக வழியில்லை.

"என்னங்க, மலை நம்மகூடவே வருது" என்றாள் சகாயம்மாள், கண்ணை மூடியபடி.

"இறங்குங்க சாமி, இறங்குங்க" என்று அன்பழகன் கதவைத் திறந்தார். மூவரும் சோளக்காட்டு வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"என் பேத்தி இதுல ஏற மாட்டா" என்றாள் சகாயம்மாள்.

அன்று மாலை அமிர்தசாமி, பழைய கார் வாங்கும் சின்னுசாமிக்குக் கடிதம் எழுதினார். 'பார்வை: தாங்கள் நான்கு முறை கேட்டது. பொருள்: கார். சம்மதம். முன்பணம் வேண்டாம், என் வார்த்தை போதும்.' உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் இருமுறை அழுத்தினார். காரிலேயே போய், டீக்கடை முன்னிருந்த தபால்பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, மூணு நாளாக் காலைல எடப்பாடி ரோட்டுல எம்பட முட்டை லாரி பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாரது நீங்கதானுங்களே? முந்திப் போங்கன்னு எத்தன தடவ கையக் காட்டுனேன், எம்பட வண்டிப் பொகையப் பூரா எதுக்குங்க நீங்க குடிக்கிறீங்க?"