மரவட்டைக்குப் பாகப்பிரிவினை

ஒரு காட்டில், “நான் நடத்தினதையே நீ மறுபடியும் நடத்துறேன்னா, அப்ப நான் வகுப்புல என்ன மரத்துக்கா பாடம் எடுத்தேன்?” என்று மரங்கொத்தியைக் கேட்டது பேராசிரியை அன்னம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. அதனால் அதையே இன்னொரு தடவை கேட்டது. “நான் நடத்தினதையே நீ மறுபடியும் நடத்துறேன்னா, அப்ப நான் வகுப்புல என்ன மரத்துக்கா பாடம் எடுத்தேன்?”

மரங்கொத்தி தன் பொந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மரத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அதன் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்த நேரம்.

அந்தக் காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் நடைத்துறைக்குத் தலைவி அன்னம். நடை என்றால் அன்னநடைதான் என்று எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்துவிட்டுப் போக, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அதன் வம்சமே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவும். நடந்து யாரும் பார்த்ததில்லை.

கேண்டீனுக்குப் பின்னால், பாதி உளுத்துப்போன இலுப்பை மரத்தில் இருந்தது துணைப்பயிற்சி மையம். வகுப்பில் புரியாதவர்கள் அங்கே போனால், புரிகிற வரைக்கும் மரங்கொத்தி ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கும். பெரிய வித்தையெல்லாம் கிடையாது. ஆனால் புரிந்துவிடும்.

சங்கடம் என்னவென்றால், யாரும் போவதில்லை. “மண்டையில ஏறாததெல்லாம் இலுப்பை மரத்துக்குப் போங்க” என்று அன்னம் வகுப்பில் அறிவித்துவிட்டால் மானமுள்ள எந்தப் பிராணி போகும்? துணிந்து போனது கோமளா என்கிற மரவட்டை மட்டும்தான். நடைத் தேர்வில் ஏற்கெனவே ஃபெயில். இத்தனை காலில் எதை முதலில் எடுத்துவைப்பது என்று அது யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

துணைவேந்தர் கரடி கறாராகச் சொல்லிவிட்டது: “இந்தத் தடவையும் அந்தப் பொண்ணு தேறலைன்னா உங்க மையத்தை மூடிட்டு மரத்தை கேண்டீனுக்குக் கொடுத்துடுவேன். அங்க தேனடை வைக்க இடம் பத்தலையாம்.” தேன் விஷயத்தில் கரடி விளையாடாது.

“சார், ஒரே ஒரு உதவி” என்றது மரங்கொத்தி. “மேடம் வகுப்புல நான் ஒருநாள் வந்து உட்காரணும். தேர்வுல என்ன எதிர்பார்க்கறாங்கன்னு தெரிஞ்சா அதைச் சொல்லிக்கொடுத்துடுவேன். அப்புறம் மண்டை, கிண்டைன்னு பேசாம, ‘அங்கயும் ஒருதடவை போய்க் கேட்டுக்கோங்க’ன்னு மேடம் வாயால சொன்னாப் போதும்.”

கரடி அப்போதுதான் பக்கத்துக் காட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, ஒரு துணிப்பையோடும் ஒரு புது வார்த்தையோடும் திரும்பியிருந்தது. வார்த்தை ‘பங்குதாரர்’. வழியில் ஆற்றைக் கடக்கும்போது அதில் பாதி நனைந்து போயிற்று. அன்னத்தைக் கூப்பிட்டு அனுப்பி, இரண்டு பேரையும் எதிரே நிற்கவைத்து, “இன்னையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்க. பங்காளிங்க மாதிரி நடந்துக்குங்க” என்றது.

“பங்காளியா?” அன்னத்தின் கழுத்து விறைத்தது. அதன் சொந்தப் பங்காளிகள் குளத்துக்கு அக்கரையில் இருக்கிறார்கள். ஒரு தாமரை இலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்கிற தகராறில் அப்பா காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு எட்டிப்பார்க்க மாட்டார்கள். சாவு விழுந்தால் தீட்டு மட்டும் ஒழுங்காகக் காப்பார்கள்.

“சரி சார். முறைப்படியே செஞ்சுடறேன்” என்றது அன்னம்.

மரங்கொத்திக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் பொந்தைப் பெருக்கி, கேண்டீனில் டீ சொல்லிவைத்துக் காத்திருந்தது. அன்னம் ஒரு கயிற்றோடு வந்தது.

“இது எதுக்கு மேடம்?”

“பாகம் பிரிக்க.”

“பாடத்தையா?”

“பாடத்தைப் பிரிச்சு யாருக்கு என்ன லாபம்? சொத்துன்னு இருக்கறது இவ ஒருத்திதான்” என்று கோமளாவைக் காட்டியது அன்னம். “பாலையும் தண்ணியையும் பிரிச்ச பரம்பரை நாங்க. ஒரு மரவட்டையைப் பிரிக்க மாட்டோமா?”

“மிஸ், வலிக்குமா?” என்றது கோமளா.

“பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே.”

மரங்கொத்திக்கு அப்போதாவது உறைத்திருக்கவேண்டும். ஆனால் அன்னம் அடுத்ததாக ஒன்று சொல்லிற்று: “மூத்தவங்க பிரிக்கணும், இளையவங்க முதல்ல எடுக்கணும். அதுதான் முறை. எந்தப் பாதி வேணும், எடுத்துக்கோ.”

முதலில் எடுத்துக்கொள் என்று மரங்கொத்தியிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கேண்டீனில்கூடக் கடைசிப் புழுதான் அதற்கு.

“தலை இருக்கிற பாதி எனக்கு” என்றது.

“தாராளமா. நடைங்கறது எப்பவும் பின்பக்கத்துலதான் இருக்கு” என்று அன்னம் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டது.

கோமளாவின் நடு உடம்பில் எல்லைக் கயிறு கட்டியாயிற்று. முன்பாதிக்கு மையத்தில் பயிற்சி. பின்பாதிக்கு அதே நேரத்தில், பக்கத்திலேயே, அன்னத்தின் வகுப்பு. மரங்கொத்திக்குத் தெரிந்தது ஒரே நடைதான்: மரத்தைக் கட்டிப்பிடி, மேலே தாவு. அன்னத்துக்குத் தெரிந்ததும் ஒரே நடை: குளத்தைப் பார்த்து அசை. பங்காளிகள் பாகம் பிரிந்தபிறகு நேருக்கு நேர் பேசக்கூடாதே. எல்லாம் கோமளா வழியாகத்தான்.

“உன் முன்னாடி நிக்கறவங்ககிட்ட சொல்லு, அவங்க கால் ஒண்ணு என் எல்லைக்குள்ள இருக்கு.”

“உன் பின்னாடி இருக்கறவங்ககிட்ட சொல்லு, அது முளைக்கும்போதே அங்கதான் முளைச்சுது.”

தேர்வு நாள் வந்தது. மைதானத்தின் இந்தப் பக்கம் இலுப்பை மரம், அந்தப் பக்கம் குளம். நடுவில் கோமளா. கரடி “நட” என்றது.

முன்பாதி மரத்தைப் பார்த்துத் தாவியது. பின்பாதி குளத்தைப் பார்த்து அசைந்தது. கயிறு இறுகியது. பயந்துபோன மரவட்டை வேறென்ன செய்யும்? கயிற்றையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, எண்ணெயில் போட்ட கைமுறுக்கு மாதிரி கிடந்தது.

கரடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மரங்கொத்தி தன் இலுப்பை மரத்தைத் திரும்பிப் பார்த்தது. மரம் போச்சு, மையம் போச்சு. முடிச்சில் ஒரே ஒரு தட்டு தட்டி, ‘யோசிக்காம நடடி கோமளா’ என்று சொன்னால் போதும், அது எழுந்து நடந்துவிடும். மரங்கொத்திக்கு அது தெரியும். அலகைத் தாழ்த்தியது.

“முடிச்சு பொதுச்சொத்து” என்றது அன்னம், யாரையும் பார்க்காமல். “தொட்டா பிராது கொடுப்பேன்.”

மரங்கொத்தி நிமிர்ந்தது. கரடியைப் பார்த்து, “என் பாதி எவ்வளவு ஒழுங்கா ஏறிச்சு பாத்தீங்களா சார்? நூத்துக்கு நூறு” என்றது.

“என் பாதி அசைஞ்ச அசைவுக்கு நூறே கம்மி” என்றது அன்னம்.

கரடி விரலை மடக்கிக் கணக்குப் போட்டது. நூறும் நூறும் இருநூறு. நடைத்துறையில் இதுவரை யாரும் இருநூறு எடுத்ததில்லை. இலுப்பை மரம் மையத்துக்கே என்று அங்கேயே அறிவித்தது. கோமளாவுக்குத் தங்க மெடல். கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாததால் முடிச்சில் மாட்டினார்கள். இதைக் கேள்விப்பட்ட நீச்சல் துறை, அன்றைக்கே ஆமையின் ஓட்டை மையத்துக்கு எழுதிக்கொடுத்து ஆமையைத் தான் வைத்துக்கொண்டது.

எல்லோரும் தேன் குடிக்கக் கிளம்பினார்கள். பாகம் பிரித்தபிறகு அன்னம் முதல்முறையாக மரங்கொத்தியிடம் நேராகப் பேசியது. “நான் நடத்தினதையே நீயும் நடத்தியிருந்தா இது நடந்திருக்குமா, சொல்லு.”

நடந்திருக்காதுதான் என்று மரங்கொத்திக்கும் பட்டது.

முறுக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “மிஸ், ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இந்தக் கயித்தை அவுத்துவிடுங்களேன்.”

அன்னம் மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி அன்னத்தைப் பார்த்தது. கேண்டீனில் மணி அடித்தது.

நீதி: ஆசிரியர்கள் ஒற்றுமையாகச் சொல்லிக்கொடுத்தால் நடக்க மட்டும்தான் வரும், பங்கு போட்டுச் சொல்லிக்கொடுத்தால் மெடலே வரும்.