ரகுநாதன் வாங்கிய வாய்தா

விவாகரத்தும் ஆகக் கூடாது, வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் கூடாது. ரகுநாதன் எடுத்த வீர முடிவு இது. நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் ஒரு ஷிப்ட் ஆட்களையே அதட்டி மேய்க்கிற சூப்பர்வைசர், பெண்டாட்டியிடம் போய்க் கெஞ்சுவாரா? கௌரவம் என்ன ஆவது?

ஆனால் மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். தப்பு முழுக்க அவர்மேல். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த ஊர் உருதுப் பேச்சில் 'ஹவ்' என்றுதான் வாயில் வரும். அதையும் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. கனகவல்லி பேச ஆரம்பித்தால் கண் டிவியில் இருக்கும், வாய் பாட்டுக்கு 'ஹவ், ஹவ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். பருப்பு தீர்ந்துபோச்சு என்றாலும் ஹவ். முட்டி வலி தாங்கலை என்றாலும் ஹவ். ஒருநாள் சாயங்காலம் அவள் எதிரே வந்து நின்று, "இப்படி இருக்கறதுக்கு நாம பிரிஞ்சே போயிடலாமா?" என்று கேட்டாள். அப்போது கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஹவ் என்றார்.

மறுநாள் காலையில் அவள் பெட்டியோடு போவன்பள்ளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என் காதிலேயே விழலை கனகா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். அப்போது என்ன செய்தார்? போறவ போகட்டும் என்று முறுக்கிக்கொண்டார். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக மனு தயாரானபோது, வீறாப்பாகக் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார்.

மனு போட்டதும் தீர்ப்பு வந்துவிடாது. சில மாதங்கள் ஆறப்போட்டு, மறுபடி இரண்டு பேரையும் கூப்பிட்டு, இப்பவும் சம்மதம்தானா என்று கேட்பார்கள். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் மனு அவ்வளவுதான். அவருடைய வக்கீல் இருதயராஜ் இதைப் பொறுமையாக விளக்கி, மாட்டேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுங்கள் சார் என்றார். நானாகச் சொன்னால் அவள் முன்னால் தோற்றமாதிரி ஆகிவிடுமே என்றார் ரகுநாதன். அப்படியானால் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கிக்கொண்டு போகலாம், இதற்கு ஒரு கெடு உண்டு, அதைத் தாண்டிவிட்டால் மனு தானாகச் செத்துவிடும் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் மனுஷன் முகத்தில் களை வந்தது.

முதல் வாய்தாவுக்கு பிரஷர். அடுத்ததற்கு மூலம். அப்புறம் பட்டான்செருவில் இருக்கும் அத்தை செத்துப்போனாள். சில மாதம் கழித்து வேறு காரணம் தோன்றாமல் அதே அத்தை மறுபடியும் செத்துப்போனாள். அத்தை என்னவோ அங்கே குத்துக்கல்லாட்டம் இருந்தாள்.

என்ன காரணம் சொன்னாலும் இரண்டு பேரும் நேரில் வந்தாக வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட மத்தியானம் ஆகிவிடும். அதுவரை வராந்தாவில் ஒரே பெஞ்சுதான். முதல் தடவை இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள். அடுத்த தடவை நடுவில் அவள் கைப்பை மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் அவள் மடிக்குப் போய்விட்டது. டிவி கிடையாது, போனையும் அணைத்துவைக்கச் சொல்லிவிடுவார்கள். பாவம், வேறு எங்கே பார்ப்பார்? அவள் பேசினாள், அவர் கேட்டார்.

வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நடந்ததை அவள் ஒருநாள் சொன்னாள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். கடைக்காரர் "கைக்கு?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஊர் உருதுவில் கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம், பாவம், இவளுக்கு எங்கே தெரியும்? கையில் கிடந்த வளையலைத்தான் கேட்கிறார் என்று பயந்து, வீடு வரை அழுதுகொண்டே ஓடிவந்திருக்கிறாள். ரகுநாதன் பெஞ்சு அதிரச் சிரித்தார். சிரித்து முடித்து, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே. ஹவ்னு சொன்னீங்க."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த வாய்தாவுக்கு முதல் நாளே தலைக்கு மை பூசிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டார். போனதும் உட்காருவதற்கு முன், சாப்பிட்டியா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி அது.

கடைசி வாய்தாவும் வந்தது. நீதிபதியம்மா கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை என்ன காரணம் என்று தெலுங்கில் கேட்டார். இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டான்செரு அத்தை என்று ஆரம்பித்தார். கனகவல்லி குறுக்கே புகுந்து, அந்த அத்தை நேற்றுகூடத் தன்னிடம் போனில் பேசினார்கள், ஆவக்காய் ஊறுகாய் போட்டாகிவிட்டதாம், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னாள். கோர்ட்டே சிரித்தது. ரகுநாதன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சம்மதம்தானா என்ற கேள்வி முதலில் அவளிடம் போனது.

"இல்லைங்கம்மா. என் சம்மதத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

மனு தள்ளுபடி. வாயையே திறக்காமல் ஜெயித்தாகிவிட்டது. ரகுநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

"ஏறு கனகா."

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். நீயே வாபஸ் வாங்கிட்டியே."

"விவாகரத்துதான் வேண்டாம்னேன். வீட்டுக்கு வரேன்னு சொல்லலியே." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரைக் கலக்கியது. "நீங்க வேணும்னே இழுத்தடிக்கறது முதல் தடவையே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன். இத்தனை வருஷமா உங்ககிட்ட நான் கேட்டதெல்லாம், வாய் தாங்க, ஒரு வார்த்தை பேசுங்கன்னுதான். வீட்ல தரலை. கோர்ட் வாய்தாலதான் தந்தீங்க. வீட்டுக்கு வந்தா அதுவும் போயிடும்."

டிவியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். "நக்கோ, வேண்டாம். அப்புறம் போன் இருக்கும்" என்றாள். ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கௌரவத்தையெல்லாம் விட்டுவிட்டு, நீ இல்லாமல் முடியவில்லை கனகா என்று சொல்லியே விட்டார். அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, போவன்பள்ளி போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப இனிமே உன்னை எங்க பார்க்கறது?"

"இருதயராஜ் சாரைக் கேட்டு, நல்லதா வேற ஒரு கேஸ் போடுங்க. வாய்தா தவறாம வந்துடறேன்."