டத்தோவுக்குக் காட்டிய சிவப்பு அட்டை

ஜார்ஜ்டவுனின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் பாதி வாக்கியத்தில் நிறுத்திய பெருமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் சங்கத் தலைவர். சொந்தப் பெயர் பலருக்கு மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் 'சிவப்பு அட்டை'.

கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான சிறு தொண்டுச் சங்கம் எங்களுடையது. பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்குகிறது. நான் அதன் செயலாளர். அத்தகைய உறுப்பினர்களுள் ஒருவரே தலைவராக வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் விதியைத் திருத்தினோம். செயலவையில் இருந்த படித்தவர்களின் மனத்தில் ஒரு மாலை, ஒரு புகைப்படம், ஒரு புன்னகை மட்டுமே இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவரோ ஆட்டிசம் உள்ளவர். மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்குபவர். தலைவர் என்றால் கூட்டத்தை நடத்துபவர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை நம்பிவிட்டார்.

முதல் கூட்டத்துக்கே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிய விசிலும் சிவப்பு அட்டையுமாக வந்து சேர்ந்தார். விசிலை மன்றாடி வாங்கிவிட்டோம், அட்டை தப்பிவிட்டது. பேசுபவர் சொல்வது புரியாவிட்டால் அட்டை உயரும். உடனே நிறுத்தி, எளிய சொற்களில் மீண்டும் சொல்ல வேண்டும்.

எங்கள் பொருளாளர் ஓய்வு பெற்ற கணக்காய்வாளர். 'அடிப்படை வசதிகளின் ஒருங்கிணைந்த மேம்பாட்டு வியூகம்' என்று ஒருநாள் தொடங்கினார். அட்டை உயர்ந்தது. வேறு விதமாகச் சொன்னார், மறுபடியும் உயர்ந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கழிவறைக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம் என்று ஒப்புக்கொண்டார். தீர்மானம் அரை நிமிடத்தில் நிறைவேறியது.

கைதட்டல் தலைவரின் காதுக்கு வலி. ஆகவே எங்கள் அவையில் பாராட்ட விரும்புவோர் கைகளை உயர்த்தி அசைக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் ஒருவர் அதை வழியனுப்புதல் என்று எண்ணி, பாதிப் பேச்சில் விடைபெற்றுப் போனார். இன்னொருவர் உறுப்பினர்களைத் தெய்வக் குழந்தைகள் என்று உருகினார். அட்டை உயர்ந்தது.

"எனக்கு நாப்பத்தோரு வயசு," என்றார் தலைவர். "எங்கம்மா பேரு சரஸ்வதி. தெய்வம் எல்லாம் இல்ல. ஹவுஸ்வைஃப்."

இப்படி இருக்கையில்தான் செல்வந்தர் ஒருவர், அரசு தரும் டத்தோ என்ற கௌரவப் பட்டம் பெற்றவர், தீவின் மறுகோடியில், பாலிக் புலாவில் இருக்கும் தம் பங்களாவை எங்களுக்குத் தர முன்வந்தார். சுற்றிலும் டுரியான் பழ மரங்கள். செயலவை நெகிழ்ந்துபோனது. எங்கள் மாடியிலோ கூரை ஒழுகுகிறது. மறுத்தால் டத்தோவோடு அவர் நண்பர்களின் நன்கொடை வாசல்களும் அடைபடும்.

மறுபக்கத்தில் எங்கள் உறுப்பினர் லெட்சுமி இருந்தாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டிலிருந்து தனியாகப் பேருந்து ஏறி வரப் பழகுவதற்கு அவளுக்கு ஓராண்டு பிடித்தது. பலருடைய கதையும் அதுதான். பாலிக் புலாவுக்கு மாறினால் பழகிய பேருந்து உதவாது, அண்ணன் காரில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அண்ணனுக்கு நேரமில்லாத நாளெல்லாம் வீட்டுக்குள்தான். நான் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை.

டத்தோ நேரில் வந்தார். உறுப்பினர்கள் எதிரே அமர்ந்திருக்க, என்னைப் பார்த்தே பேசினார். பேசுவதைத் தம்மைப் பார்த்துப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார்.

"சரி தம்பி. அங்க நல்ல காத்து."

"தலைவர்," என்று திருத்திவிட்டு அட்டையை உயர்த்தினார். "இங்கயும் மூச்சு வருதே?"

டத்தோ சிரித்தார். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்றார். அட்டை இறங்கவில்லை. என்ன நன்மை என்று தலைவர் கேட்டார். அமைதி, பாதுகாப்பு என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார் டத்தோ. அட்டை அப்படியே நின்றது. பொருளாளர் என் காலை மேசைக்கடியில் மிதித்தார். நான் தடுக்க வேண்டுமாம்.

டத்தோ பொறுமையிழந்தார். "இது டூரிஸ்ட் வர்ற இடம்லா. நீங்க எல்லாம் ரோட்டுல நின்னு சத்தம் போட்டா, பாக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. கண்ணுக்கு மறைவா இருந்தா எல்லாருக்கும் நல்லது."



தலைவர் அட்டையைக் கீழே வைத்தார். "நன்றி. இப்பதான் புரிஞ்சுச்சு. ஓட்டு எடுக்கலாம்."

முதலில் எழுந்த கை லெட்சுமியுடையது. "நானே பஸ்ல வர்றேன். என்னை யாரும் மறைக்க வேணாம்." உறுப்பினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள். பொருளாளரும் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு கையைத் தூக்கினார்.

முகம் சிவக்க எழுந்த டத்தோவைத் தலைவர் படி வரை வழியனுப்பினார். "செவ்வாய்க்கிழமை வாங்க டத்தோ. கோப்பி குடிக்கலாம். நாங்க சத்தம் போடுவோம். வந்து வந்து பழகிடும்."

டத்தோ வரவில்லை. அவர் நண்பர்களும் வரவில்லை. மழைக்காலம் தவறாமல் வந்தது.

டத்தோ வந்துபோன அன்று மாலை கதவைப் பூட்டும்போது, பயமாக இருந்ததா என்று தலைவரிடம் கேட்டேன்.

"ரொம்ப. அதான் அட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சேன்."

படியிறங்கும்போது என் சட்டைக் கையைப் பற்றினார். பேருந்து நிறுத்தத்திலும் விடவில்லை. அவருடைய பேருந்து வந்து நின்று, ஏற ஆளில்லை என்று எண்ணிப் புறப்பட்டுப் போனது. அவர் அசையவில்லை. அடுத்த பேருந்துக்கு நானும் அவரோடு நின்றேன்.