ரேடியோத் திருகி

நம் மலைப்பக்கத்தில் அண்மையில் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. அதற்கு ரேடியோத் திருகி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். பெட்டியில் பாட்டு வந்தால் இவர் கேட்கமாட்டார். இன்னும் நன்றாக வருமா என்று பார்ப்பார். மதராஸ் கிடைத்தால் கொழும்பைத் தேடுவார், கொழும்பு கிடைத்தால் லண்டனைத் தேடுவார், லண்டனே கிடைத்துவிட்டால் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இது லண்டன்தானா?" என்று சந்தேகப்படுவார். இவருக்குப் பாட்டுப் பிடிக்காதோ? மிகவும் பிடிக்கும். கிடைக்காத பாட்டாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வண்டிப்பெரியார் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ் இந்த இனத்தில் முதல் தரம். கார் பேட்டரியில் ஓடும் பெட்டி ஒன்றை வாங்கிக் கடையில் வைத்தார்; கூரையிலிருந்து எதிர் மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினார். அன்றிலிருந்து துணி அளந்து கிழிப்பது மனைவி செபமாலையம்மாளின் வேலையாயிற்று.

திருச்சியில் ரேடியோ நிலையம் திறந்த வருஷம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இருதயம்மாள் அந்தக் கடைக்கு வந்தாள். அவள் தம்பி இன்னாசிராஜ், தோட்ட வேலை வேண்டாம், கிளாரினெட்தான் வேண்டும் என்று ஊரைவிட்டுப் போனவன். "அந்தக் குழாய் ஒனக்குக் கஞ்சி ஊத்துமாலே?" என்று அவள் கத்தியதுதான் இருவருக்கும் கடைசிப் பேச்சு. இப்போது அவன் ரேடியோவில் வாசிக்கப் போகிறானாம். திருச்சியிலிருந்து வந்த லாரிக்காரர் சொன்னார்.

"கேக்க விடுவீங்களா மொதலாளி?"

"கேக்கவா? பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி வச்சுத் தாரேன், பாரு!"

அந்தச் சாயங்காலம் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே கடைமுன் கூடிவிட்டது. ரேடியோவில் இன்னாசிராஜின் பெயரைச் சொன்னார்கள். கிளாரினெட் எழுந்தது. இருதயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்ராஜ் நெற்றியைச் சுருக்கினார்.

"லேசா கரகரப்பு இருக்கே. பொறுங்க."

திருகினார். கிளாரினெட் போயிற்று. கொழும்பில் யாரோ சிங்களத்தில் சொற்பொழிவாற்றினார். எந்தத் தேசத்திலோ பட்டாளத்து பாண்டு முழங்கியது. அப்புறம் கடுகு தாளிக்கிற சத்தம்.

"மொதல்லயே நல்லாத்தான் கேட்டுச்சு மொதலாளி. அங்கயே வச்சிருங்க."

"நல்லா இருந்தா போதுமா? தெளிவா இருக்க வேண்டாமா?"

"அந்தப் புள்ள அழுவுது, விடுங்களேன்!" என்று செபமாலையம்மாள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். விடுவாரா? "இந்தா வந்துட்டு" என்றபடியே திருச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போனார், தாண்டி இந்தப் பக்கம் வந்தார். நடுவில் ஒரு கணம் கிளாரினெட் கேட்டது. இருதயம்மாள் சட்டென்று எழுந்து முதலாளியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை. அசைய முடியுமா?

கூட்டம் திகைத்தது. தோட்டத்துக்காரி முதலாளியின் கையைப் பிடிப்பதாவது! பாட்டு மட்டும் கரகரப்போடு வந்துகொண்டிருந்தது.

"மூச்சு வாங்குற எடத்தப் பாருங்க. சின்னதுல அழுதாலும் இப்பிடித்தான் இழுப்பான்" என்று சிரித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். வாசிப்பு முடிந்த பிறகே பிடியை விட்டாள். "தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. திருச்சிக்கு ஒரு நட போயி அவனப் பாத்துட்டு வாரேன்."

பொன்ராஜுக்குக் கோபமே வரவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்தார்.

"பாத்தீங்களா? நான் திருகுனதுனாலதானே கெடச்சது!"

சிரிக்கிறீர்களா வாசகரே? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை வாசிக்கும்போது எங்காவது ஓரிடத்தில், "இதை இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாமே" என்று உங்கள் விரல் துறுதுறுத்ததா? துறுதுறுத்தது என்றால், ஐயா, ரேடியோ வாங்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.