கிருத்திகை அன்னிக்கு வெச்ச முட்டைக் குழம்பு

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். குழந்தைங்களுக்குக் காரமில்லாம முட்டைக் குழம்பு வைக்கணும்.

என் வீட்டுக்காரர் தாம்பரத்துல ஒரு கம்பெனியில டெம்ப்ரவரி. அவரோட சூப்பர்வைசர் சாரும் சம்சாரமும் ஆஸ்பத்திரியில யாரையோ பாக்கப் போறாங்களாம். அங்க சின்னப் பிள்ளைங்கள விடமாட்டாங்க. அதனால பையனையும் பொண்ணையும் மாடம்பாக்கத்துல எங்க வீட்ல விட்டுட்டுப் போறதா ஏற்பாடு.

"முட்டைன்னா உசிராம். ஆனா பெரிய இடத்துப் பிள்ளைங்க, காரம் ஆகாது. வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் பர்மனென்ட் ஆன மாதிரிதான்!"

சொல்லிட்டு சைக்கிள் ஏறிட்டார்.

அந்தம்மா பிள்ளைங்களோட வந்தாங்க. "காரம் எவ்ளோ போடட்டும்?"னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கு வாய் வந்தாத்தானே! அவங்க செருப்பைப் பாத்துச் சிரிச்சேன். "எது குடுத்தாலும் சாப்பிடுவாங்கம்மா"ன்னுட்டுக் கிளம்பிட்டாங்க.

வெங்காயம், தக்காளி வதக்கினேன். மல்லித்தூள், பேருக்கு ஒரு சிட்டிகை மிளகாத்தூள். வேக வெச்ச முட்டையைக் கீறிப் போட்டேன். வாசனை தூக்குச்சு!

ருசி பாக்கலாம்னு கரண்டியைத் தூக்கினப்பதான் ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கிருத்திகை விரதம்! முருகனை ஏமாத்த எனக்குத் தைரியம் கிடையாது.

என் மூணு வயசுப் பொண்ணு சுமதியைக் கூப்பிட்டு, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டேன். நக்கினா.

"எப்படிடி இருக்கு?"

"காரம்!"

ஐயோ பாவம்னு அவ வாயில கொஞ்சம் சர்க்கரை போட்டேன். குழம்புல தேங்காப்பால் ஊத்தினேன்.

"இப்போ?"

"காரம்மா!"

அவளுக்கு மறுபடி சர்க்கரை. குழம்புக்கு உருளைக்கிழங்கு.

"இப்போ?"

"ரொம்பக் காரம்!"

பொட்டுக்கடலையை அரைச்சு ஊத்தினேன். திரும்பவும் தேங்காப்பால். கடைசியில வெறுத்துப்போய்க் குழம்புலயே ஒரு கை சர்க்கரையைப் போட்டேன். குழம்பு மஞ்சள்லேருந்து சந்தனமாகி, சந்தனத்துலேருந்து வெள்ளையாயிடுச்சு.

பக்கத்து போர்ஷன் சரசக்கா எட்டிப் பாத்தாங்க.

"இன்னாமே, பாயசமா?"

"முட்டைக் குழம்புக்கா."

"இதுவா!"

"புள்ளைக்குக் காரமா இருக்காம்கா. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"எனக்கும் கிருத்திகைதான். ஆனா ஒண்ணு. இதுல காரம் கீதுன்னா, உன் பொண்ணு தாய்ப்பால்லயும் காரம் கீதுன்னு சொல்லும்!"

அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

மத்தியானம் இலை போட்டேன். சூப்பர்வைசர் பையன் ஒரு வாய் வெச்சான். மெல்லறதை நிறுத்தினான். தங்கச்சியைப் பாத்தான். தங்கச்சி என்னைப் பாத்துச்சு.

"ஆண்ட்டி, இது சாப்பாடு முடிஞ்சப்புறம் சாப்பிடுறதா?"

"இல்ல தம்பி... இதுதான் குழம்பு."

நல்லா வளத்த பிள்ளைங்க. அழல. குழம்பை இலை ஓரமா ஒதுக்கிட்டு, "ஊறுகாய் இருக்கா ஆண்ட்டி?"ன்னான்.

பெரியவங்க சாப்பிடுற மாங்கா ஊறுகாயைப் பயந்து பயந்து துளி வெச்சேன். "இன்னும்"னான். அந்தப் பொண்ணு ஜாடியையே கிட்ட இழுத்துக்குச்சு. வெறும் சோத்துல ஊறுகாயைப் பிசைஞ்சு ரெண்டும் அடி அடின்னு அடிக்குதுங்க. தண்ணி கூடக் கேக்கல!

போச்சு, அவர் வேலை போச்சு! சாயந்தரம் வரைக்கும் அந்த ரெண்டு வயித்தையும் பாத்துக்கிட்டே முருகா முருகான்னு உக்காந்திருந்தேன்.

அந்தம்மா வந்ததும் பையன் ஓடினான். "மம்மி! ஆண்ட்டி முட்டைப் பாயசம் குடுத்தாங்க!"

பூமி பொளந்தா உள்ள போயிருப்பேன். பொளக்கல.

அந்தம்மா விஷயத்தைக் கேட்டுட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிச்சாங்க. "நாங்க குண்டூரும்மா! இதுங்க பச்சை மிளகாயைக் கடிச்சிக்கிட்டேதான் சோறு சாப்பிடும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

நான் திரும்பவும் செருப்பைப் பாத்துச் சிரிச்சேன்.

ராத்திரி சுமதிக்கு வெறும் தயிர்சாதம் ஊட்டினேன். ஒரு வாய் வாங்கினா.

"காரம்!"

அப்படிச் சொல்லிட்டு, தண்ணிச் சொம்பு பக்கம் திரும்பவே இல்ல. சர்க்கரை டப்பாவைப் பாத்து வாயைத் திறந்துக்கிட்டு நின்னா.

அடுத்த மாசம் அவர் பர்மனென்ட் ஆனார். சர்க்கரை டப்பா கிருத்திகை அன்னிக்கே பரண் மேல பர்மனென்ட் ஆயிடுச்சு.